மாத்திப் போட்டுப் பாரு

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் பூந்தமல்லியிலிருந்து அம்பத்தூர் வரை எந்த யார்டிலும் யாருக்கும் தெரியாது. ‘குச்சி அக்கா’ என்றால்தான் தெரியும். குட்டி லோடர் வண்டிக்கு ஸ்டியரிங் கிடையாது. ஓட்டுகிறவனின் இரண்டு கைக்கும் இரண்டு ஜாய்ஸ்டிக். இடது குச்சியைத் தள்ளினால் வண்டி போகும், வலது குச்சியை அசைத்தால் முன்னால் இருக்கிற வாளி ஏறி இறங்கும். அந்தக் குச்சிகள் இரண்டும் மக்கர் செய்யும்போது கூப்பிடுகிற ஆள் அவர். புடவை, அதன்மேல் முழுக்கை ஆம்பளைச் சட்டை, ஸ்கூட்டியின் முன்னால் ஒரு கட்டைப்பை. வயது நாற்பத்தைந்து இருக்கும்.

நான் அப்போது ஆவடி போகிற சாலையில் ஜல்லியும் எம்-சாண்ட் என்கிற கல் உடைத்த மணலும் விற்கிற ஒரு யார்டில் மெஷின் இன்சார்ஜ். டிப்ளமோ படித்தவன் என்பதை யாரும் கேட்காமலே சொல்லிவிடுகிற பழக்கம் எனக்கு உண்டு, இப்போதும் பாருங்கள், சொல்லிவிட்டேன். பருத்திப்பட்டில் ‘லேக் வியூ’ என்று விற்ற ஃபிளாட்டில் குடியிருந்தேன். பாத்ரூமில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றால் ஏரி நன்றாகவே தெரியும். யார்டில் மூன்று லோடர்கள். இரண்டு ஒரே ரகம், குச்சியிலிருந்து கட்டளை ஒயர் வழியாகப் போகும். மூன்றாவது கிழட்டு வண்டி, அதற்குக் கட்டளையே எண்ணெயில்தான் போகும்.

முதல் தடவை அவரை வரவழைத்தது ஒன்றாம் நம்பர் வண்டி. குச்சியை நேராகத் தள்ளினாலும் இடது பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனது. வண்டி விற்ற கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து, லேப்டாப்பைச் சொருகிப் பார்த்து, ஜாய்ஸ்டிக்கை முழுசாக மாற்ற வேண்டும், வெளிநாட்டிலிருந்து வர ஆறு வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். நானும் அதை அப்படியே மூன்று பக்க அறிக்கையாக்கி, படங்களோடு மேனேஜருக்கு அனுப்பிவிட்டேன். அதற்கப்புறம்தான் யாரோ சொல்லி இவர் வந்தார்.

“குச்சி மேல யாரு சார் கேஸ் போட்டது?” என்றார் வந்ததும்.

“கம்பெனி எஞ்சினீயரே பார்த்துச் சொல்லிட்டார்க்கா. ஜாய்ஸ்டிக் போயிடுச்சு.”

“பாத்தாரா, படிச்சாரா?”

“லேப்டாப்ல எரர் கோடு வந்துச்சு.”

“அது சத்தம் எந்தத் தெருவுலேர்ந்து வருதுன்னு சொல்லும் சார். யாரு கத்தறான்னு சொல்லாது. அதே மாரி இன்னொரு வண்டி நிக்கிதுல்ல? மாத்திப் போட்டுப் பாத்துடலாம்.”

ஒன்றாம் நம்பர் குச்சியைக் கழற்றி இரண்டாம் நம்பரில் மாட்டினார். அதன் குச்சியைக் கொண்டுவந்து இதில் மாட்டினார். என் மூன்று பக்க அறிக்கை குற்றவாளி என்று தீர்ப்பளித்த குச்சி, இரண்டாம் நம்பரில் பூனைக்குட்டி மாதிரி நேராகப் போனது. நல்ல குச்சியைப் போட்ட பிறகும் ஒன்றாம் நம்பர் இடது பக்கமே இழுத்தது. கோளாறு குச்சியோடு போகவில்லை, வண்டியோடு நின்றுவிட்டது. தரைத் தகட்டைத் தூக்கிப் பார்த்தால், அடியில் ஒயர்கள் சேரும் கனெக்டருக்குள் எம்-சாண்ட் தூளும் மழைத் தண்ணீரும் குழைந்து கிடந்தன. துடைத்து, காயவைத்து, மூடினார். ஒன்றரை மணி நேரம். ‘முந்தைய மின்னஞ்சலைப் புறக்கணிக்கவும்’ என்று மேனேஜருக்கு ஒரு வரி எழுத எனக்கு அதைவிட அதிக நேரம் பிடித்தது.

அவரிடம் இருந்த வித்தையெல்லாம் இந்த ஒன்றுதான் என்று எனக்கு அப்போது தோன்றியது. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. மீட்டர் வைத்திருந்தார், ஆனால் அதைக் கடைசியில்தான் எடுப்பார். முதலில் மாற்றிப் போட வேண்டும். கோளாறு எதோடு கூடப் போகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் யார்மேலும் பழி சொல்லக்கூடாது. குச்சிமேல்கூட.

இன்னொரு விசேஷம் நெயில் பாலிஷ். கட்டைப்பைக்குள் ஸ்பேனர்களோடு சிவப்பு, ரோஸ், ஊதா, நீலம், பச்சை என்று அஞ்சு குப்பி இருக்கும். கிழட்டு வண்டியில் குச்சிக்கு அடியிலிருந்து நாலு மெல்லிய எண்ணெய் ஹோஸ்கள் போகின்றன. கழற்றுவதற்கு முன்னால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் பொட்டு வைத்துவிடுவார், திரும்ப மாட்டும்போது தடுமாறாமல் இருக்க. ஒருமுறை அந்த வண்டியின் வாளி தானாகவே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஏற்றுகிற ஹோஸையும் இறக்குகிற ஹோஸையும் இடம் மாற்றிப் போட்டார். இறங்குவது நின்று, வாளி தானாக மேலே ஏற ஆரம்பித்தது. “பாத்தியா, இப்ப கோளாறு குச்சியோடவே கெளம்பிச்சு” என்று குச்சியைப் பிரித்து, உள்ளேயிருந்து மூக்குத்தித் திருகாணி அளவில் நைந்துபோன ரப்பர் வளையம் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

பச்சைக்கு மட்டும் தனி வேலை. ஒரு இடத்தைப் பார்த்து, சரிசெய்து, மூடிய பிறகு மூடியின் விளிம்பில் பச்சையில் ஒரு கோடு. “பச்ச முழுசா இருந்தா நா மூடினது மூடினபடி கீதுன்னு அர்த்தம். கீறல் உட்டிருந்தா எவனோ கை வச்சிகீறான்.” மூன்று வண்டிகளும் சீமந்தத்துக்குக் கிளம்பிய மாதிரி பொட்டும் பாலிஷுமாக நின்றன. நான் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். அவர் சிரிக்க மாட்டார்.

இந்த மாற்றிப் போடுகிற வியாதி வண்டியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒருநாள் யார்டு வாசல் டீக்கடையில், டீயில் சர்க்கரையே இல்லை என்று நான் கடைக்காரரிடம் எகிறினேன். அக்கா என் கிளாஸை வாங்கிக்கொண்டு அவருடையதை என் கையில் கொடுத்தார்.

“இத்த குடி.”

குடித்தேன். அதிலும் சர்க்கரை இல்லை.

அவர் என் கிளாஸிலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டு, “தேனாட்டம் கீது. கிளாஸ மாத்தியாச்சு, கம்ப்ளெய்ண்டு உன்கூடவே வருது. வாய்லதான் சார் கோளாறு. ஊட்டுக்குப் போய்ப் படு” என்றார். எட்டுப் பேர் சிரித்தார்கள். மறுநாள் நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலில் படுத்திருந்தபோது, எனக்குக் காய்ச்சலைவிட அவர் சொன்னது பலித்ததுதான் அதிகமாகச் சுட்டது.

அவர் கதையை அவர் வரிசையாகச் சொன்னதில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒயர் கட்டுகிற கம்பெனியில் சில வருஷம், அப்புறம் ஹைட்ராலிக் ஹோஸ் போடுகிற கடையில் சில வருஷம் என்று அங்கங்கே விழுந்த துண்டுகளிலிருந்து நானே சேர்த்துக்கொண்டது. குடும்பத்தைப் பற்றி ஒரே ஒரு தடவை பேசினார். அதுவும் ஹோஸை முறுக்கிக்கொண்டே.

“கட்டிகினு போன ஊட்டுல ஒம்போது வருஷம் டெய்லி சண்ட. எல்லாம் என்னாலதான்னு சொன்னாங்கோ. எனக்கும் டவுட்டு வந்துச்சு, ஒருவேள நாந்தானோன்னு. சரி, பாத்துடலாம்னு கொரட்டூர்ல எங்கம்மா ஊட்டுல போய் ஒரு மாசம் குந்திகினேன். இங்க ஒரு சத்தமில்ல. அங்க டெய்லி சண்ட, அக்கம்பக்கம் போன் பண்ணிச் சொல்லுது.”

“அப்புறம்?”

“அப்பால இன்னா? கோளாறு என்கூட வரல சார். நா திரும்பிப் போவல.”

விவாகரத்துக்கு இவ்வளவு சுருக்கமான தொழில்நுட்ப அறிக்கையை நான் கேட்டதேயில்லை. ஆனால் அந்த ஒரு மாதம் அவர் எப்படித் தூங்கியிருப்பார் என்று அன்று ராத்திரி படுக்கையில் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஏழுமலைக்கு வருகிறேன். இரண்டாம் நம்பர் வண்டியின் ஆபரேட்டர், பட்டாபிராமிலிருந்து வருவான். முப்பது வயது. வண்டியை விட்டு இறங்கினால் ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டுப் போகிற ரகம். அந்த வண்டியில் ஓட்டுகிறவனின் மடிமேல் இறக்கிக்கொள்கிற இரும்பு பார் ஒன்று உண்டு. பாரை இறக்கினால்தான் குச்சிகளுக்கு உயிர் வரும். தூக்கினால் குச்சிகள் செத்துவிடும், இடித்தாலும் வண்டி அசையாது. குட்டி லோடரில் பக்கவாட்டில் கதவில்லை, முன்னால் வாளியைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். இறங்கும்போது வண்டி நகர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல டிப்ளமோ தேவையில்லை.

மழைக்காலத்தில் அந்தப் பாரின் சுவிட்ச் மக்கர் செய்தது. பாரை இறக்கினாலும் அதற்குத் தெரியவில்லை, வண்டி கிளம்ப மறுத்தது. அக்கா வந்து பார்த்தார். புது சுவிட்ச் வேண்டும், மூன்று நாள் ஆகும் என்றார். வாசலில் லாரிகள் வரிசைகட்டி நின்றன.

“அக்கா, அதுவரைக்கும் டைரக்ட் பண்ணிடுங்களேன்” என்றேன்.

இந்த ‘டைரக்ட்’ என்கிற சொல்லை யார் கண்டுபிடித்தார்களோ, இந்தப் பக்கத்தில் பாதி மோட்டார்களும் பம்புகளும் அதில்தான் ஓடுகின்றன. சுவிட்ச் போனால் சுவிட்சைத் தூக்கிவிட்டு ஒயரோடு ஒயரைச் சேர்த்துவிடுவது. எல்லாம் ஓடும், எதுவும் தடுக்காது.

“கதவ கழட்டிக் கடாசிட்டு, பாரு, இப்ப கதவு கிரீச்சுன்னு கத்தலன்னு சொல்றதுதான் சார் டைரக்ட்டு. நா பண்ண மாட்டேன்.” வண்டியின் பின்னால் எஞ்சினை மூடுகிற பின்கதவுக்குள் இருந்த சுவிட்ச் கனெக்டரை மூடி, பச்சையில் கோடு இழுத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் ஸ்கூட்டி தெருமுனை திரும்புவதற்குள் நான் அந்தக் கனெக்டரைத் திறந்துவிட்டேன். பழைய போன் சார்ஜர் ஒயரிலிருந்து விரல் நீளத் துண்டு. இரண்டு முனையைச் சீவி, இரண்டு துளைகளில் சொருகினேன். அஞ்சே நிமிஷம். வண்டி உடனே கிளம்பியது. படித்த படிப்பு கடைசியில் உதவிவிட்டதே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

“சுவிட்ச் சரியாயிடுச்சா சார்?” என்று ஏழுமலை கேட்டான்.

“சரி பண்ணியாச்சு. ஏறு.”

மூன்றாம் நாள் புது சுவிட்ச் வந்துவிட்டதாக அக்கா போன் செய்தார். வெயில் அடித்ததும் பழையதே சரியாகிவிட்டது, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வண்டிதான் ஓடுகிறதே.

அடுத்த வாரம் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஏழுமலை பாரைத் தூக்கினான். பின்னால் மாட்டியிருந்த சாப்பாட்டுப் பையை எடுக்கத் திரும்பினான். பையின் வார் குச்சியில் மாட்டி இழுத்தது. வண்டி அவனையும் வைத்துக்கொண்டு பாய்ந்துபோய், வாட்ச்மேன் ரூம் சுவரை இடித்து உள்ளே புகுந்து நின்றது. வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தார். ஏழுமலைக்கு முழங்கை கிழிந்ததோடு போயிற்று. பையோடு இறங்கும்போது அந்த வார் மாட்டியிருந்தால் அவன் வாளிக்கு முன்னால் நின்றிருப்பான்.

நான் முதலில் ஓடியது ஏழுமலையிடம் இல்லை. எல்லோரும் அவனைச் சுற்றி நின்றபோது நான் பின்கதவைத் திறந்து, அந்த ஒயர்த் துண்டைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, கனெக்டரைப் பழையபடி மூடினேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

மறுநாள் காலை அறிக்கை வேண்டும் என்றார் மேனேஜர். ஆபரேட்டர்களை அனுப்புகிற காண்ட்ராக்டருக்குத் தமிழில் ஒரு பிரதி. அது அவர் வழியாக வாட்ஸ்அப் குரூப்பில் போய்விழும். இந்தப் பக்கத்து யார்டு சூப்பர்வைசர்கள் அத்தனை பேரும் இருக்கிற குரூப் அது. அதில் ஒரு ஆபரேட்டர் பெயர் வந்தால் அப்புறம் அவன் லோடர் பக்கம் வரவே முடியாது, மூட்டை தூக்கத்தான் போக வேண்டும்.

“பார தூக்கிட்டுதான் சார் திரும்பினேன். தூக்கினா வண்டி ஆடவே ஆடாது சார், உங்களுக்கே தெரியும்” என்றான் ஏழுமலை. எனக்குத் தெரியும்தான். ‘ஆபரேட்டர் ஏழுமலையின் கவனக்குறைவே இந்த விபத்துக்குக் காரணம்’ என்று டைப் செய்தேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை வேறு பார்த்தேன்.

குச்சியில் கோளாறு இல்லை என்று ஒரு சான்று வேண்டுமே, அதற்காக அக்காவைக் கூப்பிட்டார்கள். வந்தார். பின்கதவைத் திறந்து கனெக்டரைப் பார்த்தார். பச்சைக் கோடு இரண்டாக உடைந்திருந்தது. அதை மட்டும் நான் மறந்திருந்தேன். கட்டைவிரலால் அதை ஒருமுறை தடவினார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

ஏழுமலையை ஏறச் சொன்னார். பார் தூக்கியபடி குச்சியைத் தள்ளச் சொன்னார். வண்டி அசையவில்லை. அன்றைக்கு வெயில், பழைய சுவிட்ச் ஒழுங்காக வேலை செய்தது. இன்னொரு வண்டியின் குச்சியைக் கொண்டுவந்து போட்டார். அப்போதும் அசையவில்லை.

“அப்போ மெஷின்ல ஒண்ணுமில்ல. இவன் பாரைத் தூக்காமலே ஏதோ பண்ணியிருக்கான்” என்றார் மேனேஜர். ஏழுமலை கட்டுப்போட்ட முழங்கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

“குச்சிய மாத்தியாச்சு. இன்னும் ஆள மாத்தலியே” என்றார் அக்கா. “ஏழுமல, நீ எறங்கு. சார் ஏறட்டும்.”

நான் ஏறினேன். எல்லோரையும் தூரப் போகச் சொன்னார். என் முதுகுக்குப் பின்னால் பின்கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. அவரும் தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

“பார தூக்கு சார். எறங்கற மாரி எழுந்து, கை தவறிப் பட்டாப்புல குச்சிய லேசா தட்டு.”

ஒயர்தான் என் பாக்கெட்டில் இருக்கிறதே என்ற தைரியத்தில் தட்டினேன். வண்டி துள்ளியது. ஒரு முழம்தான் நகர்ந்திருக்கும். நான் தலைக்குமேல் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு “அம்மா” என்று கத்தியதைப் பட்டாபிராம் வரைக்கும் கேட்டிருப்பார்கள். ஏழுமலையும் இப்படித்தான் கத்தியிருப்பான் என்று அப்போதுதான் முதல்முறையாகத் தோன்றியது.

“ஆள மாத்தினா கோளாறும் மாறணும். மாறல” என்றார் அக்கா, பின்கதவிலிருந்து அவர் சொருகியிருந்த ஒயரை உருவி எல்லோருக்கும் காட்டி. “இந்த எடத்துல இத்த மாரி ஒண்ணு சொருகி, அன்னிக்கு வண்டி டைரக்ட்டுல ஓடிகீது. நா போட்ட பச்ச ஒடஞ்சிகீது. அவன் பார தூக்கினேன்னு சொன்னது நெசம்.”

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஏழுமலை முகத்தில்கூட வெளிச்சம் வந்தது. மேனேஜர் என்ன லேசுப்பட்டவரா? “இந்த ஆபரேட்டர்களே இப்படித்தான். வேலை சீக்கிரம் ஆகணும்னு அவனே ஒயரைச் சொருகியிருப்பான். இன்சார்ஜ், அதையும் அறிக்கையில சேர்த்துடுங்க” என்றார்.

“நா இல்ல சார், சத்தியமா நா இல்ல” என்றான் ஏழுமலை. மேனேஜரிடம் அல்ல, என்னிடம். சரி பண்ணியாச்சு என்று சொன்னவன் நான்தானே.

“யாரு சொருகினதுன்னு நா பாக்கல. பாக்காதத நா சொல்ல மாட்டேன்” என்றார் அக்கா. ஒன்பது வருஷம் ஆதாரமில்லாத பழியைச் சுமந்தவர், வேறொருவர்மேல் அதைப் போட மாட்டார். அது என்மேலாகவே இருந்தாலும். அந்த நிமிஷம் அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். கோபப்பட்டிருப்பேன், மறுத்திருப்பேன், அவரைத் திட்டியிருப்பேன்.

மேனேஜர் போனபிறகு, கட்டைப்பையில் குப்பிகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பாமல் சொன்னார். “குச்சிய மாத்தியாச்சு, ஆள மாத்தியாச்சு. இன்னும் ஒண்ணுதான் சார் பாக்கி கீது. அத்த மாத்திப் போட்டுப் பாக்கறது உன் வேல.” ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் அவரை நான் பார்க்கவில்லை. அந்த யார்டில் அவரை வரவழைக்கிற வேலையில் நான் அதிக நாள் இல்லை.

அறைக்குப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தேன். ‘ஆபரேட்டர் ஏழுமலையின் கவனக்குறைவே இந்த விபத்துக்குக் காரணம்’ என்று அது அப்படியே இருந்தது. பாக்கெட்டிலிருந்த ஒயர்த் துண்டை எடுத்துக் கீபோர்டின் பக்கத்தில் வைத்தேன். ‘ஆபரேட்டர் ஏழுமலை’யை அழித்துவிட்டு அந்த இடத்தில் ‘மெஷின் இன்சார்ஜ்’ என்று போட்டேன். பக்கத்தில் என் பெயர். பழக்கதோஷத்தில் பெயருக்கு முன்னால் ‘திரு’ விழுந்திருந்தது. ஏழுமலைக்கு அதைப் போட எனக்குத் தோன்றவில்லை என்பதைக் கவனித்து, அதையும் அழித்தேன்.

மாற்றிப் போட்டுப் படித்துப் பார்த்தேன். வாக்கியத்தில் வேறு எதையும் திருத்த வேண்டியிருக்கவில்லை.